விமானத்துக்கு ஏற்ற பை

படம் எடுப்பவர்களை உங்களுக்குத் தெரியும். கல்யாண மேடையில் ஐயருக்கும் அக்கினிக்கும் நடுவே நின்று, வந்திருக்கும் அத்தனை பேருக்கும் தங்கள் முதுகைக் காட்டுபவர்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. இது வேறு இனம். கேமரா வாங்கிய மறுநாளே அதை எதில் வைப்பது என்ற கவலையில் விழுந்து, அந்தக் கவலையிலேயே தலை நரைக்கும் இனம். இந்த இனத்துக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. யாராவது வைக்க முன்வந்தாலும், அந்தப் பெயரை எந்தப் பையில் எடுத்துப்போவது என்றுதான் இவர்கள் முதலில் கேட்பார்கள்.

அடையாளம் காண்பது சுலபம். ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையடிவாரத்தில் நின்று பாருங்கள். காவடிகள் அலையலையாக வரும். கையில் போன் இருக்கும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஓரமாக ஒருவர் மட்டும் முதுகிலிருந்து பையை இறக்கி, மேல் ஜிப்பைத் திறந்து, உள் ஜிப்பைத் திறந்து, உறையைக் கழற்றி, உறைக்குள் இருக்கும் சின்ன உறையைக் கழற்றி, லென்ஸை மாட்டி, அதன் மூடியை எடுத்து, எடுத்த மூடியை அதற்கென்றே தைத்த அறையில் போட்டு, அந்த அறையின் ஜிப்பையும் மூடிவிட்டு நிமிர்வார். காவடி சரவணப் பொய்கையைத் தாண்டிப் போயிருக்கும். வருத்தப்படுவாரா? ஏன் வருத்தப்பட வேண்டும்? மூடி தொலையவில்லையே.

போன ஆடியில் அப்படி நிமிர்ந்தவன் ஹரிஹரன். அரக்கோணம் சாலையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். முகூர்த்த நாளென்றால் மலைமேல் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட கல்யாணங்கள் நடக்கும் ஊரில் கல்யாண போட்டோகிராபருக்கு வேலைக்குக் குறைவில்லை. மேடையை ஹரிஹரன் எடுப்பான். மணப்பெண் அறை, பெண்கள் கூட்டம், அழுகை, சிரிப்பு எல்லாவற்றையும் அவன் மனைவி கவிப்பிரியா எடுப்பாள். அவள் அவனுக்கு மாமன் மகள். சின்ன வயதிலிருந்து 'பாவா' என்று கூப்பிட்டுப் பழகியவள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே பாவாதான். குரல் மட்டும் மாறிவிட்டது.

அவர்கள் வீட்டில் ஏழு பைகள் இருந்தன. ஏழும் கேமராப் பைகள். ஒவ்வொன்றும் வாங்கும்போது கடைசிப் பை.

முதல் பை கறுப்பு. பார்த்தாலே உள்ளே கேமரா இருப்பது தெரிகிறது, திருடன் கண்ணில் பட்டுவிடும் என்று சொல்லி, பார்த்தால் கேமராப் பை என்றே தெரியாத இரண்டாவது பையை வாங்கினான். அதை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஊருக்குள் போய்வந்தான். யாரும் அவனை போட்டோகிராபர் என்று கண்டுகொள்ளவில்லை. மனசு கேட்கவில்லை. மூன்றாவது பை மறுபடியும் கறுப்பு. நான்காவதற்குச் சக்கரம் இருந்தது. மலைப்படிகள் சக்கரத்தை மதிக்கவில்லை. ஐந்தாவதை ஒரு தோளில் மட்டும் மாட்ட வேண்டும். மாட்டிய தோள் இன்னும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆறாவது பைக்குள் இருந்த தடுப்புகளைக் கவிப்பிரியா கழற்றி, அடுக்களை இழுப்பறையில் துவரைக்கும் உளுந்துக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். அந்தத் தடுப்புகள் உருப்படியாக உழைத்தது அங்கேதான். ஏழாவது, பனிமலையில் சோதிக்கப்பட்டது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் முழங்கால் அளவு பனியில் நின்று அதைத் திறந்து மூடிய வீடியோவை ஹரிஹரன் இரவுச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்வது போலத் தினமும் பார்த்தான். திருத்தணியில் பனி பெய்தால் அந்தப் பையை ஒன்றும் செய்யாது. சித்திரை மாதத்தில் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும் ஊர் இது. இருந்தாலும், எதற்கும் தயாராக இருப்பது தப்பா?

இந்த இனத்தாரின் பேச்சில் லிட்டர் அடிக்கடி வரும். பையின் கொள்ளளவைச் சொல்கிறார்களாம். "இருபத்தி ரெண்டு லிட்டர் பத்தாதுப்பா, முப்பது வேணும்" என்று ஹரிஹரன் போனில் பேசிக்கொண்டே டீக்கடைக்குள் நுழைந்தபோது, பால் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் நிர்மலா அக்கா, "யாரு ஊட்டு விசேஷம்?" என்று அக்கறையாகக் கேட்டார். பை என்று அவன் விளக்கினான். "பைக்கு இன்னாத்துக்கு லிட்டரு? தயிரா வாங்கியாரப் போற?" என்றுவிட்டு அவர் டீயை ஆற்றினார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு விமானம் வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டுவந்தவர் பூபாலன். அம்மையார்குப்பத்தில் பத்து விசைத்தறி ஓட்டுபவர். அவருடைய அக்கா குடும்பம் அந்தமானில் இருக்கிறது. அக்கா பெண்ணுக்குக் கல்யாணம், அங்கேயே. அங்கேயே ஒரு போட்டோகிராபரைப் பேசிவிடலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். பூபாலன் விடவில்லை.

"எங்க ஊரு ஆளுதான் புடிக்கணும்னு சொல்லிட்டேன், நைனா. அவன் புடிச்சா பொண்ணு பொண்ணா இருக்கும், மாப்ள மாப்ளயா இருப்பான்னு சொல்லிட்டேன். ரெண்டு பேருக்கும் பிளைட்டு டிக்கெட்டு மாமா போடறாரு. சின்ன விஷயத்துக்கெல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிற மனுசன் அவரு. என் வார்த்தைய நம்பி ஒத்துகினுகீறாரு. காப்பாத்து."

"நீ கவலயே படாதண்ணா" என்றான் ஹரிஹரன். சொல்லும்போதே மனதில் ஒரு பையின் படம் ஓடியது.

அந்தமான் கல்யாணம் சாதாரண வேலை இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜம்புலிங்கம் ஒருமுறை சிங்கப்பூர் போய்வந்து, கடைப் பலகையில் தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு விமானத்தையே வரைந்துவைத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹரிஹரனுக்கு நெஞ்சில் ஏதோ இறங்கும். இந்தக் கல்யாணத்தை நன்றாக எடுத்துவந்தால் அவன் பலகையிலும் ஒரு விமானம் பறக்கும். கெடுத்தால் அம்மையார்குப்பம் பக்கமே தலைகாட்ட முடியாது. தறிக்காரர்களின் கல்யாணங்களில் பாதி பூபாலன் வாய் வழியாகத்தான் வருகின்றன.

"எந்த லென்ஸ் எடுத்துகினு போலாம் பாவா?" என்று அன்று சாயங்காலம் கவிப்பிரியா கேட்டாள். நல்ல கேள்வி. கடற்கரைக் கல்யாணமா, மண்டபமா, வெளிச்சம் எப்படி என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல பை" என்றான் ஹரிஹரன்.

"ஏழு கீதே."

"அதெல்லாம் தரைல போற பை."

ஆராய்ச்சி தொடங்கியது. கையில் எடுத்துப்போகும் பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. பேட்டரியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, கையோடுதான் வைத்திருக்க வேண்டும். விதிகள் இவ்வளவுதான். இரண்டு வரி. இந்த இரண்டு வரிக்கு அவன் மூன்று வாரம் உரை கேட்டான். துபாய் போய்வந்த கொத்தனாரிடம் கேட்டான். எடையே போட மாட்டார்கள் என்றார். மலேசியா போய்வந்த நாதஸ்வரக்காரரிடம் கேட்டான். எடை போடுவார்கள், ஆனால் வாசித்துக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்றார். யாரை நம்புவது? எட்டாவது பையை வரவழைத்தான்.

அது வந்த நாளில் வீட்டுக்கு ஒரு மருமகள் வந்தது போல இருந்தது. பெட்டியைப் பிரித்து, நெற்றியில் குங்குமம் வைத்து, மலைக்குக் கொண்டுபோய் முருகன் படியில் ஒரு நிமிடம் கிடத்தி எடுத்துவந்தான். பிறகு சோதனைகள். சமையலறைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினான். ஜிப்பைக் காதருகே வைத்து இழுத்து, வீணை மீட்டிப் பார்ப்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டான். கூடத்தில் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, முன் நாற்காலியில் கவிப்பிரியாவை உட்காரவைத்து, அவள் காலுக்குக் கீழே பை நுழைகிறதா என்று பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தான்.

"பாவா, சாம்பாரு அடிப்புடிக்குது."

"பிளைட்டு கெளம்பிடுச்சி. எழுந்திருக்கக் கூடாது."

அடுத்து அவளையே பாதுகாப்பு அதிகாரியாக்கினான். பையைத் திறக்கச் சொல்ல வேண்டும். அவன் ஒரே இழுப்பில் திறந்து காட்டுவான். அவள் துடைப்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"பேக்ல இன்னா?"

"கேமரா, மேடம்."

"இத்தினி பேக்கு வாங்க ஊட்ல பர்மிசன் குடுத்தாங்களா?"

"கவி, ஒழுங்கா பண்ணு."

அவள் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். அப்போது அதில் எதுவும் இல்லை. "இன்னா பாவா, வெறும் பையே இந்தக் கனம் கனக்குது?"

"அது பாதுகாப்போட கனம்" என்றான் ஹரிஹரன். எவ்வளவு அழகான வாக்கியம், பாருங்கள். வெறும் பை கிட்டத்தட்ட மூன்று கிலோ. ஏழில் மூன்று போனால் மிச்சம் என்ன என்பது மூன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் இந்த இனத்தார் எடையைக் குறைக்க நினைக்கும்போது கண் லென்ஸின் மேல் போகும், சார்ஜரின் மேல் போகும், மனைவியின் மேல் போகும். பையின் மேல் மட்டும் போகாது.

மனைவியின் மேல் போனது. கவிப்பிரியாவுக்கும் ஏழு கிலோ உண்டல்லவா? அவள் தன் கைப்பையில் கடலில் நனைவதற்கென்று ஒரு சுடிதாரும், கரைக்கு வந்ததும் மாற்ற ஒன்றும், படிக்க ஒரு வாரப் பத்திரிகையும் வைத்திருந்தாள். கல்யாணம் ஆன பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து போன தூரமான ஊர் திருப்பதி. அதுவும் ஒரு மொட்டைக்குப் படம் எடுக்க. ஹரிஹரன் அந்த மூன்றையும் வெளியே எடுத்துவிட்டு பேட்டரிகளையும் சார்ஜர்களையும் பிளாஷ் விளக்குகளையும் உள்ளே அடுக்கினான். அவளுடைய பட்டுப்புடவைகளை ஏற்கெனவே பெரிய பெட்டியில் விளக்குக் கம்பிகளைச் சுற்றிப் பொதிந்திருந்தான். கம்பியில் கீறல் விழக் கூடாது பாருங்கள்.

"என்னோட ஏழு கிலோ எங்க பாவா?"

"உன்னுது என்னுதுன்னு இன்னா கவி? ரெண்டும் நம்மளுதுதானே."

"தாலி கட்டறப்ப அப்படி ஒண்ணும் ஐயர் மந்திரம் சொன்ன மாதிரி இல்ல."

எடை போடும் நாள் வந்தது. வீட்டில் தராசு இல்லை. அரிசிக் கடைத் தராசை ஹரிஹரன் நம்பவில்லை. ஊரில் யார்தான் நம்புகிறார்கள்? அப்போது பூபாலன் வீட்டுத் தராசு நினைவுக்கு வந்தது. தறிக்காரர் வீட்டுத் தராசு மின்தராசு, கிராம் சுத்தமாகக் காட்டும். நூலில் கிராம் தப்பினால் தறிக்காரர் பிழைக்க முடியுமா? பையைத் தூக்கிக்கொண்டு இருவரும் பைக்கில் அம்மையார்குப்பம் போனார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். பூபாலன் வீட்டில் நூலைத் தனியாக எடை போடுவதில்லை. தராசின் மேல் எப்போதும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடை இருக்கும். நூல் கண்டுகளை அதில் கொட்டித்தான் நிறுப்பார்கள். அதனால் கூடையின் எடை கழிந்து, கூடையோடு இருக்கும்போது தராசு சைபர் காட்டும்படி வைத்திருக்கிறார்கள். கூடை ஒன்றரைக் கிலோ. அதை இறக்கிவிட்டு வேறு எதை வைத்தாலும் தராசு ஒன்றரைக் கிலோ குறைத்தே சொல்லும். அந்த வீட்டில் நண்டுசிண்டுக்கும் இது தெரியும். ஹரிஹரனுக்குத் தெரியாது. பூபாலன் வாசலில் போனில் அந்தமானோடு பேசிக்கொண்டிருந்தார். தறிகளின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.

ஹரிஹரன் ஒரு கையால் கூடையைத் தூக்க, கவிப்பிரியா பையை வைத்தாள்.

ஏழு. அப்பட்டமாக ஏழு. ஏழுக்குப் பிறகு மூன்று சைபர்.

ஹரிஹரன் பையோடு சேர்த்துத் தராசைப் படம் எடுத்தான். கோணம் மாற்றி இன்னொன்று எடுத்தான். காவடியைக்கூட அவன் அவ்வளவு சீக்கிரமாக எடுத்ததில்லை. "பாத்தியா கவி? பிளான் பண்ணிப் பண்ணா எல்லாம் தானா அமையும்" என்றான். கவிப்பிரியா கை வலிக்கிறது என்று தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டாள்.

பூபாலன் குடும்பம் முன்னாலேயே கிளம்பிவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் ஹரிஹரனும் கவிப்பிரியாவும் வாடகைக் காரில் சென்னை விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். பெரிய பெட்டி எடைக்குள் அடங்கி, கவிப்பிரியாவின் பட்டுப்புடவைகளோடும் விளக்குக் கம்பிகளோடும் உருண்டு உள்ளே போனது. கவிப்பிரியாவின் கைப்பை தேறியது. அடுத்தது எட்டாவது பை. ஹரிஹரன் அதைக் கோயிலில் குழந்தையைப் படுக்கவைப்பது போலத் தராசில் வைத்தான்.

எட்டரை.

"சார், ஒன்றரைக் கிலோ அதிகமா இருக்கு" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

ஹரிஹரன் சிரித்தான். பெரிய மனதோடு சிரித்தான். "உங்க தராசு தப்புங்க மேடம்" என்று சொல்லி போனை எடுத்து, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "இதோ. ஏழு. பாயின்ட்டு சைபர் சைபர் சைபர்."

அவள் பொறுமையாகக் குனிந்து பார்த்தாள். "இது எந்த ஏர்போர்ட் சார்?"

"அம்மையார்குப்பம்."

"அங்க ஏர்போர்ட் இருக்கா சார்?"

"நூல் போடற தராசுங்க. தப்பே பண்ணாது."

பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஹரிஹரன் பூபாலனுக்குப் போன் போட்டான். சாட்சி சொல்ல வைக்கலாம் என்று எண்ணம். கவிப்பிரியாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் கல்யாண வீட்டு இரைச்சல்.

"ஏறிட்டியா நைனா? மாமா ரெண்டு தபா கேட்டுட்டாரு."

"அண்ணா, உன் தராசு கரெக்டுதானே?"

"இன்னா கேள்வி இது? பொட்டு நூல் தப்பாது. கூடையோட வெச்சா அப்படியே காட்டும்."

"கூடையோடயா?"

"நீ கூடைய எடுத்துட்டா வெச்ச? அட என் சாமி! கூடை ஒன்ற கிலோ, நைனா. அதக் கழிச்சில்ல வெச்சிகீறோம்!" பிறகு குரல் தணிந்தது. "தே பாரு. எதனா பண்ணு. பைய அங்கயே உட்டுட்டாவது வா. மாமா மூஞ்சிய இப்பவே பாக்க முடியல."

கவுன்டர் பெண்ணுக்கு இரக்கம் வந்துவிட்டது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், கழுத்தில் இருப்பதைத் தான் எடை போடப் போவதில்லை என்று தணிந்த குரலில் சொன்னாள். அல்லது பையையே பெரிய பெட்டியோடு அனுப்பிவிடலாம். இரண்டாவதைக் கேட்டதும் ஹரிஹரன் பையைக் கட்டிக்கொண்டான். விமானத்தின் வயிற்றில் தூக்கி எறிவதற்கா குங்குமம் வைத்தது?

பையோடு ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து திறந்தான். எதை எடுப்பது? முதலில் லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்தான். தூசி ஊதும் ரப்பர் பந்தை எடுத்தான். யோசித்து, பேனாவை எடுத்தான். அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பையைத் தூக்கிப் பார்த்தான். எட்டரை எட்டரையாகவே இருந்தது.

"பாவா, பைய உட்டுடு" என்றாள் கவிப்பிரியா. "சாமானெல்லாம் நம்ம ரெண்டு பேரு கழுத்துல, பாக்கெட்டுல போட்டுகினு போலாம். வெறும் பைய கார் டிரைவராண்ட குடுத்து ஊட்டுக்கு அனுப்பிடலாம். அவரு இன்னும் வெளிலதான் டீ குடிச்சிகினுகீறாரு."

"அப்ப சாமானெல்லாம் எதுல இருக்கும்?"

"எதுலயும் இல்ல. நம்மகிட்ட இருக்கும்."

ஹரிஹரன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இவளோடு இத்தனை வருடம் எப்படிக் குடித்தனம் நடத்தினோம் என்ற வியப்புதான் இருந்தது.

கவிப்பிரியா குனிந்து ஒரு கேமராவை, அதில் மாட்டியிருந்த லென்ஸோடு, அதன் அறையிலிருந்து அப்படியே உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பையை வாங்கித் தானே தராசில் வைத்தாள். ஏழுக்கும் கீழே வந்துவிட்டது. கவுன்டர் பெண் புன்னகையோடு, பையில் கட்டும் அடையாளச் சீட்டை எடுத்தாள். எல்லாம் முடிந்தது. கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும், அவன் மட்டும் வேறு ஆளாக இருந்திருந்தால்.

"ஒரு நிமிசம் மேடம்" என்றான் ஹரிஹரன்.

கேமரா இருந்த இடம் இப்போது பள்ளம். பள்ளம் இருந்தால் பக்கத்து லென்ஸ் சாயும். சாய்ந்தால் அதற்கடுத்த லென்ஸின் மேல் முட்டும். முட்டினால்? அவனால் அதற்குமேல் நினைக்க முடியவில்லை. மறுபடியும் தரையில் உட்கார்ந்தான். "நீ போயி செக்கிங் லைன்ல நில்லு, கவி. லேடீஸ் லைன் வேற. இந்தத் தடுப்ப மட்டும் மாத்திட்டு வந்துடறேன்."

தடுப்புகளை மாற்றிய அனுபவம் உங்களுக்கு உண்டா? ஒன்றை நகர்த்தினால் அடுத்தது நகர வேண்டும். ஒட்டுப் பட்டையை இழுத்தால் 'டர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இந்த இனத்தாரின் காதுக்கு இனிமை. ஹரிஹரன் பெரிய லென்ஸைப் பள்ளத்துக்கு மாற்றினான். பெரிய லென்ஸ் இருந்த இடம் பள்ளமானது. அதற்கு நடு லென்ஸை மாற்றினான். கவுன்டர் பெண் இரண்டு முறை கூப்பிட்டாள். கவிப்பிரியா உள்ளேயிருந்து போன் செய்தாள்.

"எங்க கீற பாவா?"

"வந்துட்டேன் வந்துட்டேன். லைன்ல கீறேன்."

'டர்ர்' என்ற சத்தம் போன் வழியாக அவளுக்குக் கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.

கடைசியில் பை அமைந்தது. எல்லா அறைகளும் நிறைந்து, எதுவும் எதன் மேலும் படாமல், குலுக்கினால் துளி அசைவில்லாமல், பாடப் புத்தகத்தில் படம் போடலாம் போல அமைந்தது. ஹரிஹரன் ஜிப்பை மூடி, பெருமையோடு நிமிர்ந்தான். கவுன்டரில் விளக்கு அணைந்திருந்தது.

அதற்குப் பிறகு அந்தமானில் நடந்ததை ஹரிஹரன் மறுநாள் விமானம் ஏறும்வரை போனில் கேட்டு அறிந்தான். கவிப்பிரியா இறங்கியதும் பூபாலன் ஓடிவந்து, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, முகம் வெளுத்திருக்கிறார். "அவரு பைய அடுக்கிகினுகீறாருண்ணா. நாளைக்கு வருவாரு" என்று அவள் சொன்னாள். "தாலி விடிகாலைல!" என்று அவர் தலையில் கைவைத்தார். "தாலி கட்டறதுக்கு அவரு எதுக்கு? மாப்ள கீறாரு இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் நேராக மணப்பெண் அறைக்குள் போய்விட்டாள்.

அவளிடம் இருந்தது ஒரு கேமரா, ஒரு லென்ஸ். பேட்டரியும் பிளாஷும் மட்டும் ஒரு பை நிறைய. தூரத்தில் இருப்பது வேண்டுமென்றால் கிட்டே போனாள். கூட்டம் முழுவதும் வேண்டுமென்றால் பின்னால் நகர்ந்தாள். ஒருமுறை நகர்ந்து நகர்ந்து பந்தியில் போய் உட்கார்ந்தேவிட்டாள், அங்கிருந்தும் எடுத்தாள். மாற்ற வேறு லென்ஸ் இல்லாததால் எதையும் தவறவிடவில்லை. மணமகளின் அப்பா, அதாவது சின்ன விஷயத்துக்கெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் அந்த மாமா, மகள் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் போய் வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். படம் இருக்கிறது. மூன்று பேர் பெரிதாக்கி மாட்டிவிட்டார்கள், அவரும் ஒருவர்.

மறுநாள் மதியம் ஹரிஹரன் வந்து இறங்கினான். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாழைமரத்தை ஒரு மாடு தின்றுகொண்டிருந்தது. பூபாலன் அவனைத் தோளோடு அணைத்து, "வா நைனா, வா. பையி பத்திரமா வந்துச்சா?" என்று கேட்டார்.

"ஒரு கீறல் இல்லண்ணா" என்றான் ஹரிஹரன். கேலி என்று அவனுக்குப் புரியவில்லை. திறந்தும் காட்டினான். உண்மைதான். ஒரு கீறல் இல்லை.

கவிப்பிரியா அங்கே இல்லை. கடலுக்குப் போயிருந்தாள். கல்யாணப் பெண்ணின் சுடிதார் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு போயிருப்பதாகச் சொன்னார்கள்.

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது அம்மையார்குப்பத்திலிருந்து ஸ்டூடியோவுக்கு வரும் போன்களில் முதல் கேள்வி, "அந்தமான் போன அம்மா வருவாங்களா?" என்பது. வருவார்கள் என்று ஹரிஹரன்தான் எடுத்துச் சொல்கிறான். கடைப் பலகையில் விமானம் வரைந்தாயிற்று. அதன் கீழே யார் பெயர் என்பதில் வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஜம்புலிங்கம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், "பிளைட்டு ஏறிடுச்சா, இல்ல இன்னும் கவுன்டர்லயே கீதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

ஹரிஹரன் மனம் உடைந்துவிட்டான் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியும் உங்களுக்குப் புரியவில்லை. அவன் ஆழமாக யோசித்து, தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டான். தடுப்புகளில்தான் தவறு. ஒட்டுப் பட்டைத் தடுப்பு காலத்தை விழுங்குகிறது. இழுத்தால் மடியும் தடுப்பாக இருந்திருந்தால் அன்று விமானத்தில் ஏறியிருப்பான். அப்படி ஒரு பை வந்திருக்கிறதாம். இன்னும் இருநூறு கிராம்தான் கனம் அதிகம். நிர்மலா அக்கா கடையில் உட்கார்ந்து, விமானத்தில் கேமராவைக் கொண்டுபோவது எப்படி என்று இப்போது வகுப்பு எடுக்கிறான். நாலு பேர் வந்து கேட்கவும் செய்கிறார்கள். ஏன் கேட்க மாட்டார்கள்? அனுபவசாலி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் கேமரா இல்லை, அந்தமானில் உறவும் இல்லை, ஆகவே இது உங்களைப் பற்றியது இல்லை என்று நிம்மதியாகக்கூட இருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தபோது, வழியில் எங்காவது ஓரிடத்தில், "அது சரி, அந்த எட்டாவது பை எந்தக் கம்பெனி? இதைச் சொல்லவே இல்லையே!" என்று உங்கள் மனதுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்கவில்லை என்றால் போய்வாருங்கள், வாழ்க. கேட்டிருந்தால் என்னிடம் ஒன்றும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு எப்போதோ தெரியும்.